‘நான் அந்த அமரீந்தர் இல்லைங்க!’: விளையாட்டு வீரரும் அரசியல்வாதியும் ஒரே பெயரில் இருந்தால் என்ன சிக்கல்?

ஒரே பெயர், ஒருவர் மைதானத்தில், இன்னொருவர் சட்டமன்றத்தில். கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் தவறான ஆளை டேக் செய்வதில் தொடங்கும் இந்தக் குழப்பம், தவறான பட்டனை அழுத்தி ஒரு தேர்தல் முடிவே மாறும் அளவுக்குப் போகும். இந்தியாவில் அப்படி நடந்திருக்கக்கூடிய தேர்தல்களும் உண்டு. பெயர்க் குழப்பத்தில் சிக்கியவர்கள் யார், சட்டம் என்ன சொல்கிறது, நாம் எப்படிப் பிரித்தறிவது? விரிவாகப் பார்ப்போம்.

2021 செப்டம்பரில் என்ன நடந்தது?

2021 செப்டம்பர் 18-ம் தேதி பஞ்சாப் முதலமைச்சர் பதவியிலிருந்து கேப்டன் அமரீந்தர் சிங் விலகினார். அடுத்த சில நாட்கள் பஞ்சாப் அரசியலில் அனல் பறந்தது. 28-ம் தேதி மாநில காங்கிரஸ் தலைவர் பதவியை நவ்ஜோத் சிங் சித்து ராஜினாமா செய்தார். 29-ம் தேதி டெல்லியில் அமித் ஷாவை அமரீந்தர் சந்தித்தார். அவர் பாஜகவில் சேரப்போகிறாரா, தனிக்கட்சியா என்று நாடு முழுக்க ஒரே பேச்சு.

செய்தி நிறுவனங்களும் பத்திரிகையாளர்களும் ட்விட்டரில் பதிவு மேல் பதிவு போட்டார்கள். அதில் பல பதிவுகளில் டேக் செய்யப்பட்டவர் முன்னாள் முதலமைச்சர் அல்ல. இந்திய கால்பந்து அணியின் கோல்கீப்பர் அம்ரிந்தர் சிங்!

அரசியல் சண்டை நடந்தது ஒரு இடத்தில். நோட்டிஃபிகேஷன் வந்து குவிந்தது வேறொருவர் போனில். பொறுத்துப் பார்த்த கோல்கீப்பர், செப்டம்பர் 30-ம் தேதி ஊடகங்களுக்கே நேரடியாக ஒரு பதிவு போட்டார். ‘நான் இந்திய கால்பந்து அணியின் கோல்கீப்பர், பஞ்சாபின் முன்னாள் முதலமைச்சர் அல்ல, தயவுசெய்து என்னை டேக் செய்வதை நிறுத்துங்கள்’ என்பதுதான் அதன் சாரம்.

அந்தப் பதிவு வைரலானது. அதைவிட வைரலானது அதற்கு வந்த பதில். கேப்டன் அமரீந்தர் சிங்கே அதைப் பகிர்ந்து, இளம் நண்பரின் சங்கடம் தனக்குப் புரிகிறது என்று சொல்லி, அடுத்து வரும் போட்டிகளுக்கு வாழ்த்தும் சொன்னார். அரசியல் வாழ்க்கையின் மிக நெருக்கடியான வாரத்தில் அவர் போட்ட, எந்தக் கட்சிக்காரரும் குறை சொல்ல முடியாத பதிவு அதுவாகத்தான் இருக்கும்.

யார் இந்த இரண்டு பேர்?

அரசியல்வாதி அமரீந்தர் சிங், பாட்டியாலா அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். 1965 போரின்போது ராணுவத்தில் பணியாற்றியவர். ‘கேப்டன்’ என்ற அடைமொழி அங்கிருந்து வந்தது. 2002 முதல் 2007 வரையும், 2017 முதல் 2021 வரையும் பஞ்சாப் முதலமைச்சர்.

கோல்கீப்பர் அம்ரிந்தர் சிங், பஞ்சாபின் ஹோஷியார்பூர் மாவட்டத்தில் உள்ள மஹில்பூரைச் சேர்ந்தவர். கால்பந்து வீரர்களுக்குப் பெயர் போன ஊர் அது. 2020-21 ஐஎஸ்எல் சீசனில் மும்பை சிட்டி அணி லீக் சுற்றிலும் முதலிடம் பிடித்து, கோப்பையையும் வென்றது. அந்த அணியின் கேப்டன் இவர்தான். அதாவது, இரண்டு பேருமே ‘கேப்டன்’ தான்!

ஆங்கிலத்தில் எழுதும்போது இருவரின் பெயருக்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். அரசியல்வாதியின் பெயரில் கூடுதலாக ஒரு ‘ஏ’ இருக்கும். போனில் நாலு எழுத்து தட்டியதும் கீழே வரும் பட்டியலில், ப்ளூ டிக் உள்ள பெயரைத் தொட்டுவிட்டால் முடிந்தது கதை. பிரேக்கிங் நியூஸ் அவசரத்தில் அந்த ஒரு எழுத்தை யார் பார்ப்பார்?

இன்னொரு விஷயமும் குழப்பத்துக்கு உதவியது. அந்தச் சண்டையின் மறுபக்கம் நின்ற சித்து, நிஜமாகவே முன்னாள் கிரிக்கெட் வீரர். எனவே பஞ்சாப் அரசியல் செய்தியில் ஒரு விளையாட்டு வீரரின் பெயர் வந்தால் யாருக்கும் அது உறுத்தாது.

மூன்றாவதாக ஒரு அமரீந்தர்

கதை இதோடு முடியவில்லை. கேப்டன் விலகிய பிறகு சரண்ஜித் சிங் சன்னி தலைமையில் அமைந்த புதிய அமைச்சரவையில் போக்குவரத்து அமைச்சரானவர் பெயரும் அமரீந்தர் சிங்தான்! அடையாளத்துக்காக அவரை ‘ராஜா வாரிங்’ என்று அழைக்கிறார்கள். 2022-ல் அவர் பஞ்சாப் காங்கிரஸ் தலைவரானார். 2024-ல் லூதியானா எம்.பி. ஆனார். கேப்டன் அமரீந்தரோ 2022-ல் பாஜகவில் சேர்ந்தார்.

ஆக, ‘அமரீந்தர் சிங் காங்கிரஸை விமர்சித்தார்’ என்பதும் ‘அமரீந்தர் சிங் காங்கிரஸுக்கு வாக்கு கேட்டார்’ என்பதும் ஒரே நாளில் வந்தாலும் இரண்டும் சரியாக இருக்கலாம். ஆள்தான் வேறு.

பஞ்சாபில் ஏன் இவ்வளவு பெயர் ஒற்றுமை?

இதற்குக் காரணம் சீக்கியர்களின் பெயர் சூட்டும் முறை. குழந்தை பிறந்ததும் குரு கிரந்த் சாஹிப்பைத் திறந்து, வரும் பாடலின் முதல் எழுத்தைப் பார்ப்பார்கள். அந்த எழுத்தில் தொடங்கும் பெயரைக் குழந்தைக்கு வைப்பார்கள். பெயர்களும் பெரும்பாலும் இரண்டு துண்டுகளின் சேர்க்கை. குர், ஹர், அமர், பல், மன் என்பவை முன்பாதி. பிரீத், இந்தர், ஜீத், தீப், பீர் என்பவை பின்பாதி. இவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்தால் வரும் பெயர்களுக்கு ஒரு எல்லை உண்டு.

அதோடு ஆண்களுக்கு ‘சிங்’, பெண்களுக்கு ‘கவுர்’ என்று பொதுவான பின்பெயர். குடும்பப் பெயரைப் பலர் எழுதுவதில்லை. அதனால்தான் பாதல், சீச்சேவால், வாரிங் என ஊரின் பெயரையோ குலத்தின் பெயரையோ சேர்த்து அடையாளம் காட்டுகிறார்கள்.

இதற்கு விளையாட்டிலேயே ஒரு புகழ்பெற்ற உதாரணம் உண்டு. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஆடிய இந்திய ஹாக்கி அணியில் மூன்று பல்பீர் சிங்குகள் இருந்தார்கள்! அவர்களுக்கு முன்பே 1948, 1952, 1956 என மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற மூத்த பல்பீர் சிங் இருந்தார். 1952 இறுதிப் போட்டியில் நெதர்லாந்துக்கு எதிராக இந்தியா அடித்த 6 கோல்களில் 5 அவருடையது. அவரை ‘சீனியர்’ என்று சேர்த்துச் சொல்வதே மற்ற பல்பீர்களிடமிருந்து பிரித்துக் காட்டத்தான்.

அரசியலிலும் பல்பீர்கள் உண்டு. 2023 ஜனவரியில் பஞ்சாப் சுகாதார அமைச்சரானவர், கண் மருத்துவரான டாக்டர் பல்பீர் சிங். மாநிலங்களவைக்குச் சென்ற சுற்றுச்சூழல் ஆர்வலர், பல்பீர் சிங் சீச்சேவால்.

ஒரே கட்சி, ஒரே மாநிலம், இரண்டு ஹர்பஜன்

ஹர்பஜன் சிங் என்றால் நமக்கு யார் ஞாபகம் வரும்? 2001-ல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான சேப்பாக்கம் டெஸ்டில் 15 விக்கெட் எடுத்த பாஜிதான். பின்னாளில் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு ஆடி, தமிழில் ட்வீட் போட்டு ரசிகர்களைக் குஷிப்படுத்தியவரும் அவரே.

2022 மார்ச்சில் பஞ்சாபில் ஆம் ஆத்மி ஆட்சிக்கு வந்தது. மார்ச் 19-ம் தேதி பதவியேற்ற அமைச்சர்களில் ஒருவர் பெயர் ஹர்பஜன் சிங். இரண்டு நாள் கழித்து ஆம் ஆத்மி அறிவித்த மாநிலங்களவை வேட்பாளர்களில் ஒருவர் பெயரும் ஹர்பஜன் சிங்.

முன்னவர் ஜண்டியாலா தொகுதி எம்.எல்.ஏ. அரசியலுக்கு வரும் முன் கலால் மற்றும் வரித்துறை அதிகாரியாக இருந்தவர். அந்தப் பதவியின் ஆங்கிலச் சுருக்கமான ‘இ.டி.ஓ.’ என்பதையே பெயரோடு சேர்த்துக்கொண்டார். பின்னவர்தான் கிரிக்கெட் வீரர்.

அப்போது கட்சியும் ஒன்று, மாநிலமும் ஒன்று, பெயரும் ஒன்று. ‘ஆம் ஆத்மியின் ஹர்பஜன் சிங்’ என்று எழுதினால்கூட யாரென்று தெரியாத நிலை. ‘இ.டி.ஓ.’ என்ற அந்த மூன்று எழுத்துதான் அங்கே ஆளைக் காட்டியது.

மனோஜ் திவாரி: பாஜகவா, திரிணமூலா?

இது இன்னும் சுவாரஸ்யமான ஜோடி. ஒருவர் போஜ்புரி பாடகர், நடிகர். 2014 முதல் தொடர்ந்து மூன்று முறை வடகிழக்கு டெல்லியில் பாஜக சார்பில் வென்ற எம்.பி. 2019-ல் அவர் தோற்கடித்தது டெல்லியின் முன்னாள் முதலமைச்சர் ஷீலா தீட்சித்தை. 2024-ல் கன்னையா குமாரை.

இன்னொருவர் மேற்கு வங்க கிரிக்கெட் வீரர். இவரை சென்னை ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2011 டிசம்பரில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக இவர் சர்வதேச சதம் அடித்தது சேப்பாக்கத்தில். 2012 ஐபிஎல் இறுதிப் போட்டியில் சிஎஸ்கேவுக்கு எதிராகக் கடைசி ஓவரில் பவுண்டரி அடித்து கொல்கத்தாவுக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்ததும் அதே சேப்பாக்கத்தில்தான்.

2021 வரை இவர்களைப் பிரிப்பது சுலபம். அரசியல் செய்தி என்றால் அவர், விளையாட்டுச் செய்தி என்றால் இவர். ஆனால் 2021-ல் கிரிக்கெட் வீரர் மனோஜ் திவாரி திரிணமூல் காங்கிரஸில் சேர்ந்து, சிவ்பூர் தொகுதியில் வென்று, மம்தா பானர்ஜி அரசில் விளையாட்டுத் துறை இணையமைச்சர் ஆகிவிட்டார். அப்போது ‘மனோஜ் திவாரி’ என்ற பெயரில் ஒருவர் பாஜக, ஒருவர் திரிணமூல்! ஒருவர் சொன்னதை இன்னொருவர் படத்தோடு போட்டால், அது கட்சி மாறிய செய்தி மாதிரியே ஆகிவிடும்.

அசாருதீன்: தெரிந்தே வைத்த பெயர்

மேலே பார்த்த பெயர் ஒற்றுமை எல்லாம் தற்செயல். இது அப்படி இல்லை. கேரளாவின் காசர்கோட்டைச் சேர்ந்த விக்கெட் கீப்பர் முகமது அசாருதீன் 1994-ல் பிறந்தவர். அப்போது இந்திய அணியின் கேப்டன் முகமது அசாருதீன். கிரிக்கெட் பைத்தியமாக இருந்த அண்ணன்தான் தம்பிக்கு அந்தப் பெயரை வைக்கச் சொன்னார்.

தம்பி பெயரைக் காப்பாற்றினார். 2021 ஜனவரியில் சையது முஷ்டாக் அலி கோப்பையில் மும்பைக்கு எதிராக 54 பந்தில் ஆட்டமிழக்காமல் 137 ரன். 2025-ல் ரஞ்சிக் கோப்பை அரையிறுதியில் குஜராத்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 177 ரன். அந்த ஆண்டுதான் கேரளா முதல்முறையாக ரஞ்சி இறுதிப் போட்டிக்குப் போனது.

மூத்த அசாருதீன் கிரிக்கெட்டுக்குப் பிறகு காங்கிரஸில் சேர்ந்து, 2009-ல் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் எம்.பி. ஆனவர். எனவே இன்று ‘அசாருதீன் அசத்தல்’ என்று தலைப்பு வந்தால், அது தேர்தல் செய்தியா, சதமடித்த செய்தியா என்று உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும்.

தமிழில் படிப்பவர்களுக்குக் கூடுதல் சிக்கல்

இந்தப் பெயர்களில் சிலவற்றில் ஒரு பொதுவான விஷயம் இருக்கிறது. ஆங்கிலத்தில் இவற்றுக்கு எழுத்து வித்தியாசம் உண்டு. திவாரிகளில் ஒருவர் பெயர் ‘ஐ’ என்ற எழுத்திலும், மற்றவர் பெயர் ‘ஒய்’ என்ற எழுத்திலும் முடியும். அசாருதீன்கள் இருவரும் கடைசி ‘தீன்’ என்பதை வெவ்வேறு விதமாக எழுதுகிறார்கள்.

தமிழில் எழுதினால் அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். இருவரும் மனோஜ் திவாரிதான், இருவரும் அசாருதீன்தான். ஆங்கிலத்தில் கண்ணில் படக்கூடிய ஒரு தடயம், தமிழ்ச் செய்தியில் கிடையாது. அதனால் தமிழ்ச் செய்தியில் அடைமொழியோ, பதவியோ, ஊரோ சேர்ப்பது அலங்காரத்துக்காக அல்ல, அவசியத்துக்காக.

நமக்கு இனிஷியல் என்ற வசதி இருக்கிறதே என்று கேட்கலாம். ஓ.பன்னீர்செல்வம் வேறு, எம்.ஆர்.கே.பன்னீர்செல்வம் வேறு என்று தமிழ்நாட்டில் யாரும் குழம்புவதில்லை. ஆனால் அந்த இனிஷியலும் கைவிட்ட தேர்தல் ஒன்று உண்டு.

சிரித்துவிட்டுப் போக முடியாத இடம்: வாக்குச்சாவடி

2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் முன்னாள் முதலமைச்சர் ஓ.பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றார். அவரையும் சேர்த்து அங்கே போட்டியிட்ட பன்னீர்செல்வங்கள் 6 பேர்! அவர்களில் பலருக்கு இனிஷியலும் ‘ஓ’தான்.

வாக்குப்பதிவு இயந்திரத்தில் பெயர்கள் எப்படி வரிசைப்படுத்தப்படுகின்றன தெரியுமா? முதலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்கள். அடுத்து, பதிவு மட்டும் செய்த கட்சிகளின் வேட்பாளர்கள். கடைசியில் சுயேச்சைகள். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகர வரிசை. பெரிய கட்சி வேட்பாளராக இருந்தால் மேலே தனியாகத் தெரிவார். ஓபிஎஸ் சுயேச்சை என்பதால், பெயர் ஒத்த சுயேச்சைகள் இருந்த அதே பிரிவில்தான் அவர் பெயரும் வந்தது. முடிவில் அவர் இரண்டாம் இடம் பிடித்தார். வென்ற நவாஸ் கனியுடனான வித்தியாசம் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியதால், பெயர்க் குழப்பம் முடிவை மாற்றியது என்று சொல்ல முடியாது.

ஆனால் எல்லாத் தொகுதியிலும் அப்படி இல்லை:

- ஆலப்புழா, 2004: காங்கிரஸின் வி.எம்.சுதீரன் 1,009 வாக்குகளில் தோற்றார். அதே தொகுதியில் நின்ற வி.எஸ்.சுதீரன் என்ற சுயேச்சை வாங்கிய வாக்குகள் 8,282.

- ராய்கட், மகாராஷ்டிரா, 2014: தேசியவாத காங்கிரஸின் சுனில் தட்கரே 2,110 வாக்குகளில் தோற்றார். இன்னொரு சுனில் தட்கரே 9,849 வாக்குகள் வாங்கியிருந்தார்.

- மகாசமுந்த், சத்தீஸ்கர், 2014: பாஜகவின் சந்துலால் சாஹுவை எதிர்த்து, அதே பெயரிலும் அதையொட்டிய பெயரிலும் ஒரு பட்டாளமே களமிறங்கியது. அத்தனையையும் தாண்டி அவர் அஜித் ஜோகியை வென்றார். வித்தியாசம் வெறும் 1,217 வாக்குகள்.

முதல் இரண்டு தொகுதிகளிலும் பெயர் ஒத்தவர் வாங்கிய வாக்கு, தோல்வி வித்தியாசத்தைவிடப் பல மடங்கு அதிகம். அந்த வாக்குகள் அனைத்தும் தவறி விழுந்தவை என்று நிரூபிக்க முடியாது. ஆனால் அவற்றில் ஒரு பகுதி சரியான இடத்துக்குப் போயிருந்தால்கூட முடிவு மாறியிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? தடை செய்ய முடியாதா?

முடியாது. ஒருவர் பெயர் இன்னொரு வேட்பாளரின் பெயரோடு ஒத்துப்போகிறது என்பதற்காக அவர் மனுவை நிராகரிக்கச் சட்டத்தில் இடமில்லை.

இதுபோன்ற பெயர் ஒத்த வேட்பாளர்களைத் தடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கலானது. 2024 மே 3-ம் தேதி நீதிபதி பி.ஆர்.கவாய் தலைமையிலான அமர்வு அதை விசாரிக்க மறுத்துவிட்டது. பெற்றோர் வைத்த பெயர் ஒருவர் தேர்தலில் நிற்பதற்குத் தடையாக முடியுமா என்பதுதான் நீதிபதிகள் எழுப்பிய கேள்வி. ராகுல் காந்தி, லாலு பிரசாத் யாதவ் என்ற பெயர்களையே அவர்கள் உதாரணமாகச் சொன்னார்கள்.

தடை இல்லை என்றாலும் தற்காப்பு உண்டு. 1961-ம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளின்படி, இரண்டு வேட்பாளர்களுக்கு ஒரே பெயர் இருந்தால், தொழிலையோ ஊரையோ சேர்த்தோ, வேறு ஏதாவது வகையிலோ வித்தியாசம் காட்ட வேண்டும். பஞ்சாபில் மக்களே பழக்கத்தில் செய்துகொண்ட அதே ஏற்பாடு!

இரண்டாவது தற்காப்பு, புகைப்படம். 2015 முதல் வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளரின் படமும் இடம்பெறுகிறது. 2025-ல் இதை வண்ணப்படமாக்கி, படத்துக்கான இடத்தில் முக்கால் பங்கை முகமே நிரப்ப வேண்டும் என்று தேர்தல் ஆணையம் மாற்றியது. பீகார் தேர்தலில் இருந்து இது நடைமுறைக்கு வந்தது.

அப்போ நாம் என்ன செய்யலாம்?

பெயர் ஒன்றாக இருப்பது யாருடைய குற்றமும் இல்லை. பெயரோடு ஒட்டியிருக்கும் அடையாளத்தை நாம் விட்டுவிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சில எளிய வழிகள்:

- டேக் செய்யும் முன் அந்தக் கணக்கின் அறிமுக வரியைப் படியுங்கள். ப்ளூ டிக் இருந்தால் மட்டும் போதாது. கோல்கீப்பர் என்று எழுதியிருக்கிறதா, எம்.எல்.ஏ. என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது இரண்டு விநாடி வேலை.

- ஒரு செய்தியின் தலைப்பை மட்டும் பார்த்து ஃபார்வேர்டு செய்யாதீர்கள். கட்சி, ஊர், பதவி ஆகிய மூன்றில் இரண்டாவது பொருந்துகிறதா என்று உள்ளே பாருங்கள். ஹர்பஜன் விஷயத்தில் கட்சியும் மாநிலமும் ஒன்றாக இருந்தது; பதவிதான் பிரித்துக் காட்டியது.

- பெயரோடு படம் வந்தால் அப்படியே நம்ப வேண்டாம். பெயரைப் போட்டுத் தேடும்போது அதிகம் பிரபலமானவரின் படம்தான் முதலில் வந்து நிற்கும். அதை எடுத்துத்தான் பலர் மீம் போடுகிறார்கள்.

- வாக்களிக்கும்போது பெயரை மட்டும் தேடாதீர்கள். சின்னம், படம், பெயர் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பட்டனை அழுத்துங்கள். அழுத்தியதும் அருகிலுள்ள விவிபாட் இயந்திரத்தில் 7 விநாடி தெரியும் சீட்டில் வரிசை எண்ணும் பெயரும் சின்னமும் இருக்கும். அதையும் பார்த்துவிடுங்கள்.

தவறாக டேக் செய்தால் அழித்துவிட்டுச் சரியானதைப் போடலாம். தவறான பட்டனை அழுத்தினால், அடுத்த தேர்தல் வரை காத்திருக்க வேண்டியதுதான்.